மம்மிகள் எதைக் குறிக்கின்றன?

அன்புள்ள சார்,

ஊடகவியல் முதுகலை இரண்டாமாண்டு படிக்கிறேன். இசைக் காணொளிகளைப் பற்றி ஆய்வேடு எழுதுகிறேன். இசைத்துறை பற்றி ஒரு அத்தியாயம், கோட்பாடு பற்றி ஒரு அத்தியாயம் என்று திட்டம். நெறியாளரோ, இரண்டும் ஒட்டாது, ஒன்றை எடு என்கிறார். கலையும் ஆலைச் சரக்காகிவிட்டது என்ற அடோர்னோவின் ‘பண்பாட்டுத் தொழிற்சாலை’ எனக்குப் பிடித்திருக்கிறது. யூடியூப் காலத்தில் அவர் செல்லுபடியாவாரா? லாரா மல்வி, ஸ்டூவர்ட் ஹால், பின்நவீனத்துவம் இவற்றில் எதைத் துணைக்கு எடுப்பது? டாஃப்ட் பங்க் என்ற மின்னிசை இரட்டையரின் ‘அரவுண்ட் த வேர்ல்ட்’ காணொளி பற்றிய என் அத்தியாயத்தை இணைத்திருக்கிறேன். நேரமிருந்தால் பாருங்கள்.

க.

அன்புள்ள க.,

இணைப்புகளை நான் பெரும்பாலும் திறப்பதில்லை. உங்களுடையதைத் திறந்ததற்குக் காரணம், அந்தக் காணொளியைப் போன வாரம்தான் வேறு எதையோ யோசித்துக்கொண்டு மூன்று முறை பார்த்திருந்தேன். அந்த ‘வேறு எதையோ’வைத்தான் கீழே எழுதப்போகிறேன். உங்கள் கேள்விக்குப் பதில் கிடைக்காமல் போனால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

22 பக்கம் எழுதியிருக்கிறீர்கள். நிறம் வருகிறது, உடை வருகிறது, உடல் வருகிறது, முதலாளித்துவம் 11 இடத்தில் வருகிறது. ‘தாளம்’ என்ற சொல் வருகிறதா என்று தேடினேன். இல்லை. ‘இசை’ 9 முறை வருகிறது, அதில் 8 ‘இசைத்துறை’.

14ஆம் பக்கத்தில், கட்டுத்துணி சுற்றிய மம்மிகள் ‘நுகர்வுப் பண்பாட்டில் பதப்படுத்தப்பட்ட மனித உடலை’க் குறிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இல்லை தம்பி. அந்த மம்மிகள் டிரம் மெஷின்.

1997இல் மிஷெல் கோந்த்ரி இயக்கிய காணொளி அது. நடன அமைப்பு பிளாங்கா லி. ஐந்து கூட்டம் ஆட்கள். ஒவ்வொரு கூட்டமும் பாட்டில் கேட்கும் ஒரு ஒலி. வட்டமாக நடக்கும் ரோபோக்கள், பேச்சை இயந்திரக் குரலாக்கும் வோகோடரில் வரும் அந்தக் குரல். சின்னத் தலையோடு நெடுநெடுவென்று நிற்கும் விளையாட்டு வீரர்கள் பேஸ் கிட்டார். பேஸ் ஏறினால் படி ஏறுவார்கள், இறங்கினால் இறங்குவார்கள். நீச்சலுடைப் பெண்கள் மேல் ஸ்தாயியில் வரும் கீபோர்டு. எலும்புக்கூடுகள் கிட்டார். மம்மிகள் தாளம். அதாவது, பாட்டை இழை இழையாகப் பிரித்து மேடையில் நிறுத்தியிருக்கிறார் மனிதர். கண்ணை மூடிக்கொண்டு ஒரு தடவை பேஸை மட்டும் பின்தொடர்ந்து கேட்டுவிட்டு, கண்ணைத் திறந்து அந்தப் படிக்கட்டைப் பார்த்திருந்தால் உங்களுக்குச் சிரிப்பு வந்திருக்கும். சிரித்திருந்தால் 14ஆம் பக்கத்தை எழுதியிருக்க மாட்டீர்கள்.

இது உங்கள் ஒருவருடைய தவறு இல்லை. ஆன் கப்லான் 1987இல் எம்டிவி என்ற இசைக் காணொளிச் சேனல் பற்றி எழுதிய புத்தகம் அதைப் பின்நவீனத் தொலைக்காட்சியாக வாசித்தது. 1992இல் ஆண்ட்ரூ குட்வின் வந்து, இவர்கள் எல்லாரும் படத்தைப் பார்த்தார்களே தவிரப் பாட்டைக் கேட்கவில்லை என்று ஒரு புத்தகமே எழுதினார். அதற்கு அப்புறமும் இந்தப் பழக்கம் போகவில்லை. சினிமா படித்தவர்கள் சினிமாவின் கண்ணோடு வருகிறார்கள். பின்னணி இசை என்பது பெரும்பாலும் படம் எடுத்த பிறகு அதன் அளவுக்குத் தைப்பது. இங்கே தலைகீழ். கேமரா வரும் முன்பே பாட்டு முடிந்துவிட்டது. அரை நொடி கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. ஷாட் எவ்வளவு அழகாக இருந்தாலும் பாட்டு கொடுத்த இடத்துக்குள்தான் அது உட்கார வேண்டும். காணொளிகளில் கதை பாதியில் அறுந்து தொங்குவதைப் ‘பின்நவீனச் சிதறல்’ என்கிறீர்கள். கதை சொல்ல அங்கே இடமில்லை, அவ்வளவுதான். பாட்டு வழிவிட வேண்டுமே.

இதை நான் புத்தகத்தில் கற்கவில்லை. சின்ன வயதில் சில மாதங்கள் ஒரு எடிட்டரிடம் உதவியாளனாக இருந்தேன். முதல் நாள் அவர் செய்த முதல் வேலை, மானிட்டரை அணைத்தது. தாளும் பென்சிலும் கொடுத்து, “கேட்டு எழுது” என்றார். நான் பாட்டு வரிகளை எழுதினேன். அவர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பி, வெற்றுப் பக்கத்தை மேலே வைத்துக் கொடுத்தார். அடுத்து வாத்தியங்களை எழுதினேன். அதற்கும் திருப்தியில்லை. “ரெண்டாவது பல்லவிக்கு முன்னாடி டிரம் ஒரு கணம் நிக்குதே, எழுதினியா?” என்றார். எனக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஏழாவது தடவை கேட்டபோதுதான் காதில் விழுந்தது. அப்புறம் மானிட்டரைப் போட்டார். சரியாக அந்த இடைவெளியில் பாடகி ஒரு முறை கண்ணை மூடித் திறக்கிறார். அந்தக் காணொளியை முன்பே பலமுறை பார்த்திருக்கிறேன். அந்த இடம் ஏன் என்னைப் பிடித்து இழுக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதே காணொளியில் அந்தப் பாடகி மெதுவாக, தண்ணீருக்குள் நடப்பதுபோல நடந்து வருவார். உதடு மட்டும் பாட்டோடு பிசகாமல் ஒட்டும். தந்திரம் எளிது. படப்பிடிப்பில் பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிடுவார்கள். நொடிக்கு 48 பிரேமில் எடுத்து 24இல் ஓட்டினால் உடல் பாதி வேகத்துக்கு இறங்கும், உதடு பாட்டோடு சேர்ந்துகொள்ளும். வெட்டாத துண்டுகளைப் பார்த்தேன். கீச்சுக் குரலில் விரையும் தன் பாட்டுக்கு அவசர அவசரமாக வாயசைத்துவிட்டு, ஒவ்வொரு ஷாட்டின் முடிவிலும் அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரிக்கிறார். காணொளியில் அது ஆழ்ந்த சோகமாக வந்திருக்கும். ‘ஏக்கத்தின் உடல்மொழி’ என்று நீங்கள் ஒரு பக்கம் எழுதியிருப்பீர்கள்.

சில வருடம் கழித்து அந்தப் பாடகியைச் சந்தித்தேன். காணொளியைக் கம்பெனி தனக்குச் செய்த செலவு என்று அவர் நினைத்திருந்தார். ராயல்டி கணக்கு வந்தபோது ‘காணொளித் தயாரிப்பு’ என்று ஒரு வரி இருந்தது, அவர் பங்கிலிருந்து கழித்திருந்தார்கள். ஒப்பந்தத்தில் இருந்ததுதான், அவர் படிக்கவில்லை. இது அந்தக் கம்பெனியின் தனிக் குணமும் இல்லை. காணொளிச் செலவில் பாதியையோ முழுவதையோ பாடகரின் ராயல்டியிலிருந்து கழித்துக்கொள்வது இந்தத் தொழிலில் பழைய வழக்கம். பணத்தை முன்னால் போடுவது கம்பெனி, கடன் பாடகர் தலையில். “அந்த ஸ்லோமோஷனுக்கு நான்தான் காசு கொடுத்திருக்கேன்” என்றார். அப்போதும் சிரித்தார், ஆனால் படப்பிடிப்பில் சிரித்த மாதிரி இல்லை.

பல்லவி வரும்போதெல்லாம் முகம் நெருக்கத்தில் வருகிறதே, ஏன் என்று யோசித்தீர்களா? விற்க வேண்டியது அந்த முகம். பல்லவிதான் மனதில் நிற்கும் இடம். இரண்டையும் ஒரே ஆணியில் மாட்டுகிறார்கள். இதைச் சொல்ல உங்களுக்குப் பாட்டின் அமைப்பும் தெரிய வேண்டும், கம்பெனிக் கணக்கும் தெரிய வேண்டும். தொழில், கோட்பாடு என்று தனித்தனி அத்தியாயம் போட்டால் உங்கள் நெறியாளர் சொல்வதுபோல ஒட்டாதுதான். அவரோடு சண்டை வேண்டாம்.

அடோர்னோவை எடுங்கள், தாராளமாக. ஆனால் அவரை யாரென்று நினைத்தீர்கள்? வியன்னாவில் ஆல்பன் பெர்கிடம் இசையமைப்பு கற்றவர் அவர். வெகுஜன இசை பற்றி 1941இல் அவர் எழுதிய கட்டுரையைத் திறந்து பாருங்கள். பல்லவிக்கு 32 தாள அளவுகள் (பார்), மெட்டின் வீச்சு ஒரு ஸ்தாயியும் ஒரு சுரமும் என்று எண்ணிச் சொல்லிவிட்டுத்தான் தரப்படுத்தல், அதாவது எல்லாப் பாட்டும் ஒரே அச்சு, என்று குற்றம் சாட்டுகிறார். அவர் முடிவு தவறாகவே இருக்கட்டும், பல இடங்களில் தவறுதான் என்று நினைக்கிறேன். ஆனால் மனிதர் எண்ணினார். நீங்கள் அவருடைய கோபத்தை மட்டும் எடுத்துக்கொண்டு எண்ணிக்கையை விட்டுவிட்டீர்கள். திட்டுவதற்கும் காது வேண்டும்.

மற்றவை. பெண்ணை ஆணின் பார்வைக்கான பொருளாகக் கேமரா காட்டுகிறது என்ற மல்வியின் 1975 கட்டுரை சினிமாவுக்கு எழுதியது. பாடகி கேமராவை நேருக்கு நேர் பார்த்துப் பாடும்போது அது எங்கே தடுமாறுகிறது என்று நீங்களே யோசியுங்கள். பார்ப்பவர்கள் தங்கள் வழியில் பொருள் எடுத்துக்கொள்கிறார்கள் என்ற ஹாலை எடுப்பதென்றால் நாலு பார்வையாளர்களிடமாவது பேசியிருக்க வேண்டும், நீங்கள் பேசவில்லை. பின்நவீனத்துவம் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. யூடியூப் எல்லாவற்றையும் மாற்றிவிட்டது என்று மூன்று பக்கம் இருக்கிறது. 2012 டிசம்பரில் முதன்முதலாக 100 கோடி பார்வையைத் தொட்டது ‘கங்னம் ஸ்டைல்’. அதில் உங்களுக்கு நினைவிருப்பது எது? தாளத்தோடு ஒட்டிய குதிரை ஆட்டம்தானே? இன்னொன்று, இசைக் காணொளி 1981 ஆகஸ்ட் 1ஆம் தேதி எம்டிவியோடு பிறந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அன்று முதலில் ஓடிய பக்கிள்ஸ் இசைக்குழுவின் காணொளியே 1979இல் எடுத்தது. 1940களில் அமெரிக்காவில் காசு போட்டால் மூன்று நிமிடப் பாட்டுப்படம் காட்டும் பானோரம் பெட்டிகள் இருந்தன. அந்த வாக்கியத்தை அடித்துவிடுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது இது. அத்தியாயத்தை மூடுங்கள். திரையை அணையுங்கள். ஒரு தாளில் நொடிகளை இடப்பக்கம் எழுதி, எந்த ஒலி எங்கே நுழைகிறது, எங்கே விலகுகிறது என்று குறியுங்கள். அது முடிந்த பிறகு ஒலியை அணைத்துவிட்டுப் படத்தைப் பார்த்து, யார் எப்போது அசைகிறார்கள் என்று வலப்பக்கம் குறியுங்கள். இரண்டும் சேரும் இடங்களைவிடச் சேராத இடங்களைக் கவனியுங்கள், அங்கேதான் இயக்குநர் இருக்கிறார். நாலு நாள் ஆகும். அலுப்பாக இருக்கும்.

தாளை அப்படியே படமெடுத்து அனுப்புங்கள், நகலெடுத்து அழகாக்க வேண்டாம். அத்தியாயத்தை இப்போதைக்கு அனுப்பாதீர்கள்.