படித்ததை மறக்கச் சொன்ன சைட் இன்ஜினியர்

அம்மா, வணக்கம். இன்டர்ன்ஷிப் போன இடத்தில் சைட் இன்ஜினியர் "காலேஜ்ல படிச்சதெல்லாம் மறந்துடு" என்று சொன்னதிலிருந்து மகனுக்கு வகுப்பில் மனம் ஒட்டவில்லை, சிவில் படிப்பையே விட்டுவிட்டு வேலைக்குப் போகிறேன் என்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். படிப்பை விட வேண்டாம். அந்த இன்ஜினியர் சொன்னதையும் ஒதுக்கிவிட வேண்டாம்.

அவனுக்குத் தெரிந்த ஒன்றையே சொல்கிறேன். ரெடிமிக்ஸ் (ஆலையிலேயே கலந்த கான்கிரீட்) வண்டி வெயிலில் காத்துக் கிடந்தால் கான்கிரீட் இறுகத் தொடங்கும். சைட்டில் தண்ணீர் விடுவார்கள். உடனே இளகும், வேலை ஓடும். ஆனால் சிமென்ட்டுக்கு ஏற்ற அளவைத் தாண்டித் தண்ணீர் கூடினால் வலு குறையும் என்று கான்கிரீட் ஆய்வாளர் டஃப் ஏப்ரம்ஸ் 1918-லேயே காட்டிவிட்டார். தண்ணீர் விடுவதற்கு முன்பே கியூப் (வலுவைச் சோதிக்க வார்க்கும் கான்கிரீட் கட்டி) எடுத்திருந்தால், 28-ம் நாள் சோதனையிலும் அந்தக் குறை தெரியாது. பேராசிரியருக்கு அந்த விதி தெரியும். வண்டி எங்கே தாமதமாகிறது, கலவை எப்போது முரண்டு பிடிக்கும் என்பது சைட்டில் நிற்பவருக்குத்தான் தெரியும். இருவரும் பேசினால், தண்ணீரைக் கூட்டாமலே கலவையை இளக்கும் பிளாஸ்டிசைசர் எவ்வளவு சேர்ப்பது, வண்டியை எப்போது கிளப்புவது என்று முடிவு பண்ணிவிடலாம். பேசாமல் போனால் தண்ணீர்க் குழாய்தான் முடிவு பண்ணும்.

இரண்டு இடத்துக்கும் போய்வருகிறவன் உங்கள் மகன்.

இப்படிப் போய்வந்த ஒருவரைச் சொல்கிறேன். வில்லியம் காசெட் கின்னஸ் மது ஆலையில் வேலை பார்த்தவர். நாலைந்து மாதிரிகளை மட்டும் வைத்து எப்படி முடிவுக்கு வருவது என்ற சிக்கலோடு 1906-ல் லண்டனில் புள்ளியியல் அறிஞரான பேராசிரியர் கார்ல் பியர்சனிடம் போனார். பியர்சனின் முறைகள் பெரிய எண்ணிக்கைகளுக்கானவை. இந்தக் கேள்வி ஆலையிலிருந்துதான் வர வேண்டியிருந்தது. 1908-ல் 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் காசெட் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வந்ததுதான், கொஞ்ச மாதிரிகளை வைத்தே முடிவெடுக்க உதவும் இன்றைய டி-டெஸ்ட் என்ற புள்ளியியல் சோதனை.

மகனை ஒரு நோட்டு போடச் சொல்லுங்கள். சைட்டில் புத்தகத்துக்கு மாறாக எது நடந்தாலும் தேதி, நேரம், கலவை, சொல்லப்பட்ட காரணம் எல்லாவற்றையும் எழுதட்டும். குறை கண்டுபிடிக்கிற தொனி மட்டும் வேண்டாம். அப்புறம் அந்த நோட்டோடு பேராசிரியரைப் பார்க்கட்டும். கம்பெனியின் அளவுகளையோ வரைபடங்களையோ கொண்டுபோவதானால் முதலில் அனுமதி கேட்க வேண்டும். இறுதியாண்டு ப்ராஜெக்ட் இதிலிருந்தே கிளம்பினால், மதிப்பிடும் நாளில் அந்த இன்ஜினியரையும் கூப்பிட முடியுமா என்று துறைத்தலைவரிடம் கேட்கலாம். ஒரு மணி நேர கெஸ்ட் லெக்சரை நான் பெரிதாக நம்புவதில்லை. அதில் கேள்விக்கே நேரம் இருப்பதில்லை.

அந்த இன்ஜினியரிடம் நாளைக்கே அவன் பணிவாக ஒன்று கேட்கட்டும்: "சார், படிச்சதுல எது இங்க சரிப்பட்டு வரல?" அவர் சொல்வதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளட்டும்.