உடைந்த பருப்புக்கு யார் பொறுப்பு? உற்பத்தி விரயம் குறித்த கேள்வி பதில்

தரக்கட்டுப்பாட்டுத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், குமரி மாவட்டத்துச் சிறுதொழில் நடத்துவோரின் கேள்விகளுக்கு இங்கே பதிலளிக்கிறேன்.

கருங்கல்லிலிருந்து: ஐயா, எங்கள் அண்டி ஆபீசில் (முந்திரி ஆலையில்) முழுப்பருப்பு குறைந்து உடைவு கூடிக்கொண்டே போகிறது. தானியங்கி வெட்டு இயந்திரம் வாங்கினால் சரியாகுமா?

இயந்திரத்தைப் பற்றிப் பிறகு பேசலாம். ஒரு பவுண்டுக்கு ஏறத்தாழ 320 பருப்பு நிற்கும் முழு வெள்ளைப் பருப்பைத்தான் டபிள்யூ 320 என்று விற்கிறோம். அதே பருப்பு இரண்டாக உடைந்தால், கொட்டைக்குக் கொடுத்த விலை, அவித்த விறகு, உரித்த கூலி எதுவும் குறையாமல் விற்பனை விலை மட்டும் இறங்கிவிடுகிறது. ஆகவே உடைவு எந்தக் கட்டத்தில் பிறக்கிறது என்பதை முதலில் கண்டறிய வேண்டும். அவித்த கொட்டையை நன்றாக ஆறவிடாமல் வெட்டினால் பருப்பு ஓட்டோடு ஒட்டிக்கொண்டு பிளக்கும். போர்மாவில், அதாவது பருப்பை உலர்த்தும் சூட்டறையில், அளவுக்கு மீறிக் காய்ந்த பருப்பை, காற்றின் ஈரத்தைச் சற்று வாங்கவிடாமல் உடனே உரிக்கக் கொடுத்தால், எவ்வளவு கைப்பழக்கம் உள்ளவர் உரித்தாலும் அது நொறுங்கத்தான் செய்யும். இரண்டு பருவமழையும் பெறும் நம் மாவட்டத்தில், சித்திரை வெயிலுக்குப் பொருந்திய போர்மா நேரம் ஐப்பசி மழைக்குப் பொருந்தாது.

வெட்டிய பின், போர்மாவிலிருந்து இறக்கிய பின், உரித்த பின் என மூன்று இடங்களிலும் ஒவ்வொரு கிலோ எடுத்து, உடைந்ததைத் தனியே நிறுத்து, இரண்டு வாரம் நோட்டில் எழுதுங்கள். போர்மாவின் மேல்தட்டா கீழ்த்தட்டா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பல ஆலைகளில் குற்றவாளி அங்கேதான் அகப்படும். கொட்டையை அளவுவாரியாகச் சலித்துப் பிரிக்காமல் தானியங்கி இயந்திரத்தில் கொட்டினால், பெரிய கொட்டையின் பருப்பை அலகு வெட்டிவிடும், சிறியது வெட்டுப்படாமலே வெளியே வரும். நோட்டு எழுதாமல் இயந்திரம் வாங்காதீர்கள்.

குலசேகரத்திலிருந்து: ரப்பர் ஷீட்டில் தூசி தெரிவதால் தரம் இறங்கிவிடுகிறது.

பாலை 40, 60 கண் சல்லடைகளில் அடுத்தடுத்து வடிகட்டுங்கள். வடிகட்டிய பாலை மூடி வையுங்கள்.

கருங்கல்லிலிருந்து மீண்டும்: உரிக்கும் பெண்களின் அலட்சியமே காரணம் என்று எங்கள் மேற்பார்வையாளர் உறுதியாகச் சொல்கிறார். உடைவுக்குக் கூலியில் பிடித்தால் தானாகக் குறையாதா?

குறையாது; மறையும். உடைந்த பருப்பு தோலோடு தோலாகக் குப்பைக்குப் போகும், உங்கள் கணக்கில் உடைவு குறைந்ததாகத் தெரியும்.

1950-இல் ஜப்பானியத் தொழிலதிபர்களுக்குத் தரம் பற்றிப் பாடம் எடுத்த எட்வர்ட்ஸ் டெமிங், தம் வகுப்புகளில் ஒரு சோதனை நடத்துவார். 3,200 வெள்ளை மணிகளும் 800 சிவப்பு மணிகளும் கலந்த பெட்டியிலிருந்து, 50 குழியுள்ள அகப்பையால் வெள்ளையை மட்டும் எடுக்கும்படி சொல்வார். குறைவாகச் சிவப்பு எடுத்தவரைப் பாராட்டுவார், கூடுதலாக எடுத்தவரைக் கடிந்துகொள்வார். மறுசுற்றில் பாராட்டுப் பெற்றவருக்கே சிவப்பு மிகுதியாக வருவதும் உண்டு. பெட்டியில் கிடப்பதுதானே அகப்பையில் வரும்?

மார்த்தாண்டத்திலிருந்து: இதை ஏற்க முடியவில்லை, ஐயா. மணி எடுப்பதில் திறமைக்கு இடமில்லை. பருப்பு உரிப்பதில் உண்டு. எங்களிடம் ஒருவர் மற்றவர்களைவிடப் பாதிதான் உடைக்கிறார்.

மறுப்பு நியாயமானது. ஆனால் அந்த வேறுபாடு திறமையால் வந்ததா, தற்செயலா என்பதை முடிவு செய்ய, 1924-இல் அமெரிக்கப் புள்ளியியலாளர் வால்டர் ஷூஹார்ட் வகுத்த கட்டுப்பாட்டு வரைபடம் இருக்கிறது. அனைவருக்கும் சராசரியாக 200 பருப்புக்கு 12 உடைகிறது என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் போட்டால், 2 முதல் 22 வரை உடைவது அந்தப் பணிமுறையின் இயல்பான ஏற்ற இறக்கமே. 8 உடைத்தவரையும் 16 உடைத்தவரையும் ஒருநாள் கணக்கை வைத்து ஒப்பிடுவதில் பொருளில்லை. ஒருவர் நாள்தோறும் சராசரிக்குக் கீழேயே நின்றால், அவருடைய கத்தி, இருக்கை, வெளிச்சம், அவருக்கு வரும் தட்டு ஆகியவற்றைப் பாருங்கள். அதன் பிறகு கைவாகைப் பார்த்து மற்றவர்களுக்கும் கற்றுக்கொடுங்கள். திறமை இல்லை என்று நான் சொல்லவில்லை. அபராதத்தால் திறமை வளராது என்றுதான் சொல்கிறேன்.

திருவட்டாறிலிருந்து: நான் உரிக்கும் வேலை செய்கிறவள். உரித்த எடைக்குத்தான் கூலி. மெதுவாக உரித்தால் வீட்டுக்கு என்ன கொண்டுபோவது?

அம்மா, இந்த விவாதத்தில் முதலில் வந்திருக்க வேண்டிய கேள்வி உங்களுடையது. வேகத்துக்குக் கூலியும் உடைவுக்குத் தண்டனையும் ஒரே கையால் கொடுக்கும் ஆலை, தனக்கு என்ன வேண்டும் என்பதையே முடிவு செய்யவில்லை. கருங்கல், மார்த்தாண்டம் நண்பர்கள் இருவரும் இதைப் படிக்க வேண்டும். முழுப்பருப்பு எடைக்குக் கூடுதல் கூலி வைத்துப் பார்க்கலாம். ஆனால் போர்மாவைச் சரிசெய்யாமல் அதைச் செய்தால் அதுவும் அபராதமாகவே முடியும்.

தக்கலையிலிருந்து: சிக்ஸ் சிக்மா எங்கள் செங்கல் சூளைக்குப் பொருந்துமா?

அது உற்பத்திப் பிழைகளைக் குறைக்கும் ஒரு முறை; 1986-இல் மோட்டோரோலா நிறுவனத்தில் உருவானது. பத்து இலட்சத்துக்கு 3.4 பிழை என்பது அதன் இலக்கு. வண்டியில் ஏற்றும்போது எத்தனை கல் உடைகிறது என்று முதலில் எண்ணுங்கள்.

நாகர்கோவிலிலிருந்து: வலை பின்னும் கம்பெனியில் அறுந்த கண்ணிகளைச் சரிசெய்யவே தனியாக ஆள் வைத்திருக்கிறோம். புதிய இயந்திரம்...

இயந்திரமா? மேலே கருங்கல்காரருக்கு எழுதியதைப் படியுங்கள். ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: சரிசெய்பவரிடம் ஒரு சீட்டைக் கொடுத்து, எந்த இயந்திரம், எந்த நூல் சுருள், எந்த ஷிப்ட் என்று எழுதச் சொல்லுங்கள். பிழைகளைப் பற்றிக் கம்பெனியில் மிகுதியாக அறிந்தவர் அவர்தான்; அவரை யாரும் கேட்பதில்லை.

அழகியமண்டபத்திலிருந்து: இதற்கெல்லாம் அரசு உதவி உண்டா?

உண்டு. குறுசிறு நடுத்தரத் தொழில் அமைச்சகத்தின், விரயத்தைக் குறைப்பதற்கான லீன் திட்டத்தில் ஆலோசனைச் செலவில் 90 விழுக்காட்டை ஒன்றிய அரசு ஏற்கிறது. உத்யம் என்னும் சிறுதொழில் பதிவு வேண்டும். விவரங்களை மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள்.

குளச்சலிலிருந்து: நேந்திரம் சிப்ஸ் தொழிலில் விரயமே இல்லை என்று நினைக்கிறேன். சரியா?

200 கிராம் பொட்டலங்களில் இருபதை எடுத்து நிறுத்துப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் 8 கிராம் கூடுதலாக இருந்தால், ஆயிரம் பொட்டலத்தில் 8 கிலோ சிப்ஸை விலையில்லாமல் கொடுத்திருக்கிறீர்கள். இதற்கும் தானியங்கி நிரப்பி தேவையா என்று அடுத்து கேட்காதீர்கள். இருக்கும் தராசைத் தினமும் காலையில் எடைக்கல் வைத்துச் சரிபார்த்துவிட்டு, நோட்டை எடுங்கள்.