பல்சார் தேடுவதை நம்பி மகளை அனுப்பலாமா? ஒரு தந்தைக்குப் பதில்

ஐயா, மகள் இயற்பியல் படித்து பல்சார் ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்கிறாள், நாளைக்குப் பிழைப்புக்கு வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக அனுப்பலாம் என்பதுதான் என் எண்ணம். ஆனால் அந்த வேலை எப்படிப்பட்டது என்று முதலில் நீங்கள் தெரிந்துகொள்ளுங்கள். பல்சார் என்பது வேகமாகச் சுழன்றபடி, கலங்கரை விளக்கம் போலச் சீரான இடைவெளியில் கதிரைத் துடிப்பாக வீசும் நியூட்ரான் விண்மீன், அதாவது வெடித்த பெரிய விண்மீனின் சுருங்கிய மிச்சம்.

2008-ல் ஏவப்பட்ட ஃபெர்மி விண்வெளித் தொலைநோக்கி வானம் முழுவதையும் காமா கதிரில், அதாவது எக்ஸ் கதிரைவிட ஆற்றல் மிக்க ஒளியில், கவனித்து வருகிறது. அதன் பட்டியலில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மூலங்கள், அதாவது காமா கதிர் வரும் இடங்கள், உள்ளன. அவற்றில் சுமார் மூன்றில் ஒரு பங்கு இன்னதென்றே அடையாளம் தெரியாதவை. சில பல்சார்களாக இருக்கலாம். சிக்கல் என்னவென்றால், மங்கலான மூலங்களுக்கு ஃபெர்மி தெருவைக் காட்டும், வீட்டைக் காட்டாது. அது வரைகிற வட்டத்துக்குள் எத்தனையோ விண்மீன்களும் கேலக்ஸிகளும் கிடக்கும்.

இங்கேதான் ஸ்விஃப்ட், சந்திரா, எக்ஸ்எம்எம்-நியூட்டன் போன்ற எக்ஸ் கதிர் தொலைநோக்கிகள் கைகொடுக்கின்றன. வட்டத்துக்குள் நாலைந்து எக்ஸ் கதிர்ப் புள்ளிகள் தெரியலாம். அவற்றை ஒவ்வொன்றாகச் சலிக்க வேண்டும். சாதாரண ஒளியில் பளிச்சென்று தெரிந்தால் அது பெரும்பாலும் வெறும் விண்மீன். காமா ஒளி மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கினால், பெருங்கருந்துளை கொண்ட தொலைதூரக் கேலக்ஸியாக இருக்கலாம். காமா ஒளி சீராக இருந்து, கண்ணுறு ஒளியில் புள்ளி தெரியாமலோ மிக மங்கலாகவோ இருந்தால், அது பல்சார்தான் என்ற நம்பிக்கை பிறக்கும்.

துல்லியமான இடம் எதற்கு? மங்கலான மூலத்திலிருந்து ஃபெர்மிக்கு ஒரு நாளில் வந்து சேரும் ஃபோட்டான்கள், அதாவது ஒளித்துகள்கள், சொற்பம். இரண்டு ஃபோட்டான்களுக்கு நடுவே பல்சார் ஆயிரக்கணக்கான முறை சுழன்றிருக்கும். அதனால் பல ஆண்டுத் தரவைச் சேர்த்துத்தான் துடிப்பைத் தேட முடியும். பூமி சூரியனைச் சுற்றுவதால் ஃபோட்டான் வந்த நேரத்தைத் திருத்த வேண்டும். அந்தத் திருத்தமோ, மூலம் எந்தத் திசையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. திசை சற்றுப் பிசகினாலும் துடிப்பு கரைந்துபோகும். எக்ஸ் கதிர் இடத்தைச் சொல்லிவிட்டால், சோதித்துப் பார்க்க வேண்டிய கணக்குகள் பெருமளவு குறையும்.

பொறுமை எவ்வளவு வேண்டும் என்பதற்கு ஜெமிங்கா என்ற பல்சார் ஒரு சாட்சி. 1970-களில் எஸ்ஏஎஸ்-2 செயற்கைக்கோள் கண்ட காமா மூலம் அது. ஐன்ஸ்டீன் எக்ஸ் கதிர் தொலைநோக்கி காட்டிய ஒரு புள்ளியும் அதுவும் ஒன்றே என்ற கருத்து 1983-ல் முன்வைக்கப்பட்டது. 1992-ல்தான் ரோசாட் என்ற எக்ஸ் கதிர் செயற்கைக்கோளின் தரவில் 0.237 நொடித் துடிப்பு சிக்கியது. அதை வைத்துக் காமா தரவிலும் அதே துடிப்பைக் கண்டார்கள்.

இனி வேலை விஷயம். முனைவர் பட்டத்துக்குப் பல ஆண்டுகள் ஆகும். அப்புறம் பெரும்பாலும் ஊர் ஊராக இரண்டு மூன்று ஆண்டு ஒப்பந்த வேலை. நிரந்தர ஆராய்ச்சிப் பணியிடங்கள் குறைவு. இதை மகளிடம் மறைக்காதீர்கள். ஆனால் இரைச்சலுக்குள் ஒரு சின்ன சமிக்ஞையைப் பிடித்து, அது தற்செயலா நிஜமா என்று சொல்லத் தெரிந்தவருக்கு மருத்துவப் படிமங்கள், செயற்கைக்கோள் தரவு, டேட்டா சயின்ஸ் என வேறு துறைகளிலும் இடம் உண்டு. பட்டப்படிப்பிலேயே கணிதம், புள்ளியியல், பைத்தான் நிரல் மொழி மூன்றையும் விடாமல் படிக்கட்டும். மின்னணுவியலில் ஆர்வம் இருந்தால் உணரிகளை வடிவமைக்கும் பக்கமும் போகலாம்.

ஆர்வம் நிஜமா என்று இப்போதே பார்த்துவிடலாம். ஃபெர்மி, ஸ்விஃப்ட் தரவுகள் யாருக்கும் இலவசம். விடுமுறையில் அடையாளம் தெரியாத ஒரு மூலத்தைத் தேர்ந்தெடுத்து, ஸ்விஃப்ட் படத்தில் புள்ளிகளைக் குறித்து, விண்மீன் பட்டியலோடு ஒப்பிடச் சொல்லுங்கள். முதல் வாரத்துப் பரவசம் அடங்கிய பிறகும் உட்கார்ந்தால் தயங்காமல் அனுப்புங்கள். வண்ணப் படங்கள் மட்டும்தான் பிடிக்கிறது என்றால் அறிவியல் எழுத்தும் நல்ல தொழில்தான், அதைப் பற்றிப் பேசலாம்.

முனைவர் பட்ட வழிகாட்டியைத் தேடும் காலம் வரும்போது, அவரிடம் முன்பு படித்தவர்கள் இப்போது எங்கே என்ன செய்கிறார்கள் என்று மகளை நேரடியாகக் கேட்கச் சொல்லுங்கள். நல்ல வழிகாட்டி அந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.