வேலை மாற்றலும் மகளின் முதல் பள்ளியும்: வீடு வாங்கித்தான் ஆக வேண்டுமா?

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். மகளுக்கு மூன்றே முக்கால் வயது. இன்னும் ஒன்பது மாதத்தில் கணவருக்கு வேறு ஊருக்கு மாற்றல். நானும் அங்கே புதிதாக வேலை தேட வேண்டும். தெரிந்தவர்கள் என்று அங்கே யாரும் இல்லை; இங்கே மகளை என் அம்மா பார்த்துக்கொள்கிறார். ஆறு மாதச் செலவுக்கான பணம் வங்கியில் இருக்கிறது. மகள் பிறந்ததிலிருந்து அவளுடைய மேற்படிப்புக்கென்று மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில் போட்டு வருகிறோம். அதை எடுத்து, நல்ல பள்ளிக்குப் பக்கத்தில் வீடு வாங்க முன்பணம் கட்டலாமா? ஒரு பள்ளியில் இப்போதே பணம் கட்டினால் இடம் உறுதி என்கிறார்கள். கட்டிவிடலாமா?

பதில்: வீட்டை இந்த வருடம் வாங்காதீர்கள். முதலில் வாடகைக்குப் போங்கள். பள்ளிப் பணத்தைப் பற்றிக் கொஞ்சம் நிறையவே பேச வேண்டியிருக்கிறது.

பள்ளிக்காக வீடு வாங்குகிறவர்கள் இரண்டு பந்தயங்களை ஒன்றாகக் கட்டுகிறார்கள். பள்ளி உங்கள் மகளுக்குப் பிடிக்க வேண்டும், ஊர் உங்களுக்கு ஒத்துவர வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் கையில் மிஞ்சுவது வீட்டுக்கடன்தான். இரண்டு மூன்று வருடத்தில் விற்க நேர்ந்தால், பதிவுச் செலவும் தரகும் கடனுக்குக் கட்டிய வட்டியும் திரும்பி வராது. கடனின் ஆரம்ப வருடங்களில் தவணையில் பெரும்பகுதி வட்டிக்கே போகிறது, அசல் மெதுவாகத்தான் குறையும். அது மட்டுமல்ல, குடியிருக்கும் எல்லையை வைத்து இடம் கொடுக்கும் பள்ளிகள் அந்த எல்லையைப் பிறகு மாற்றவும் செய்யலாம். வீட்டைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போக முடியாது!

மேற்படிப்புப் பணத்தைத் தொடவே தொடாதீர்கள். அது வேலை செய்ய இன்னும் பதினான்கு வருடம் இருக்கிறது. ஏற்கெனவே போட்ட பணம்தான் நீண்ட காலம் வளரப்போகிற பணம். குடிமாறும் மாதங்களில் கை இறுகினால், புதிதாகப் போடும் தவணையைச் சில மாதம் நிறுத்திவையுங்கள். பழையதை உடைப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

இனி பள்ளி. பணத்தைப் பார்ப்பதற்கு முன் தேதியைப் பாருங்கள். முதல் வகுப்பில் சேர எந்தத் தேதிக்குள் எத்தனை வயது முடிந்திருக்க வேண்டும் என்பது ஊருக்கு ஊர் மாறும். அந்தக் கட்-ஆஃப் தேதிக்கு ஒரு நாள் பிந்திப் பிறந்த குழந்தை ஒரு வருடம் காத்திருக்க நேரிடும். நீங்கள் இருக்கும் ஊரின் விதியை வைத்துக் கணக்குப் போட்டுவிட்டு அங்கே போனால், எதிர்பாராத பன்னிரண்டு மாத மழலையர் பள்ளிக் கட்டணம் தலையில் விழும். காத்திருப்பதால் குழந்தைக்குக் கெடுதல் ஒன்றுமில்லை, பட்ஜெட்டுக்குத்தான் அடி. விண்ணப்பம் எப்போது திறக்கிறது, முகவரிச் சான்று எந்தத் தேதியில் இருந்தாக வேண்டும் என்பதையும் கேளுங்கள். வாடகை ஒப்பந்தம் அதற்கு முன்பே உங்கள் பெயரில் இருக்க வேண்டும் என்றால், இரண்டு ஊரிலும் ஓரிரு மாதம் வாடகை கொடுக்க வேண்டி வரும். அதையும் இப்போதே செலவுக் கணக்கில் எழுதிவிடுங்கள்.

'இப்போதே கட்டினால் இடம் உறுதி' என்பதற்கு என் பதில்: ரசீதில் என்ன எழுதியிருக்கிறது? விண்ணப்பக் கட்டணம், சேர்க்கைக் கட்டணம், காப்புத்தொகை, பருவக் கட்டணம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்விதான். நாங்கள் வரவில்லை என்றால் எது திரும்ப வரும், எந்தத் தேதிக்குள் சொன்னால் வரும்? பதில் எழுத்தில் வந்தால் பார்க்கலாம். வாய்வார்த்தை என்றால், போனாலும் பரவாயில்லை என்று நினைக்கிற தொகைக்கு மேல் கட்டாதீர்கள். மாற்றல் உத்தரவு தள்ளிப்போவதும் ரத்தாவதும் நடக்கிற காரியம்தானே.

கட்டணம் தாங்குமா என்று பார்க்கும்போது பெரும்பாலானவர்கள் செய்யும் தப்பு, முதல் வருடத்தை மட்டும் பார்ப்பது. உங்கள் இருவரின் மாத வருமானம் 100 என்று வைத்துக்கொள்வோம். பள்ளிக்கு மாதம் 15 ஆகிறது. சரி, தாங்கும் போலத்தான் இருக்கிறது. கட்டணம் வருடத்துக்கு 10 சதவீதமும் சம்பளம் 6 சதவீதமும் ஏறினால், பன்னிரண்டு வருடம் கழித்து வருமானம் 201, கட்டணம் 47. பதினைந்து சதவீதமாக இருந்தது 23 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. அதுவும் ஒரே ஒரு குழந்தைக்கு. அந்தப் பள்ளியில் கடந்த மூன்று நான்கு வருடக் கட்டணம் எப்படி ஏறியது என்று கேட்டுவிட்டு இந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

உங்களுக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. புது ஊரில் உங்களுக்கு வேலை கிடைக்கும்வரை வீட்டில் ஒரு சம்பளம்தான். அந்த 100-ல் கணவருடையது 60 என்றால், அதே 15 கால் பங்காகிவிடும். அதனால் ஒற்றைச் சம்பளத்தில் தாங்குகிற பள்ளியைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் சம்பளம் வந்ததும் மிச்சமாவதைச் சேமிப்பில் போடலாம். பெரிய பள்ளியில் சேர்த்துவிட்டு நடுவில் எடுப்பது குழந்தைக்கும் கஷ்டம், இன்னொரு இடத்தில் மறுபடி சேர்க்கைக் கட்டணம் வேறு.

நீங்கள் கேட்காத செலவு ஒன்று இருக்கிறது: உங்கள் அம்மா. இன்று அவர் செய்வதற்கு வீட்டில் கணக்கு இல்லை. சின்ன வகுப்புகள் பல இடங்களில் மதியத்தோடு முடிந்துவிடும், அலுவலகம் முடிவதோ மாலையில். நடுவில் உள்ள நான்கைந்து மணி நேரத்துக்குக் காப்பகமோ ஆளோ வேண்டும். விடுமுறை நாட்களில் முழு நாளும் வேண்டும். காய்ச்சல் வந்தால் காப்பகமும் எடுத்துக்கொள்ளாது, உங்களில் ஒருவர் லீவு போட வேண்டும். காப்பகச் செலவு பள்ளிக் கட்டணத்தையே தாண்டிய குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அம்மா கூட வருவாரா என்று கேளுங்கள், ஆனால் வருவார் என்று வைத்துக்கொண்டு திட்டம் போடாதீர்கள். அவருக்கும் அது ஊர் மாற்றம்தான்.

முடிந்தால் கணவர் இரண்டு மாதம் முன்னால் தனியாகப் போகட்டும். வீடு பார்ப்பதற்கு மட்டுமல்ல. பள்ளி விடும் நேரத்தில் வாசலில் அரைமணி நேரம் நிற்கச் சொல்லுங்கள். எத்தனை குழந்தைகள் வேனில் ஏறுகின்றன, எத்தனை பேர் நடந்து வீட்டுக்குப் போகிறார்கள் என்று பார்க்கட்டும். காத்திருக்கும் அப்பா அம்மாக்களிடம் ஒரே ஒரு கேள்வி: கட்டண அட்டையில் இல்லாமல் போன வருடம் எவ்வளவு ஆயிற்று? சீருடை, வேன், சுற்றுலா, ஆண்டுவிழா உடை எல்லாம் அப்போதுதான் வெளியே வரும்.

வங்கியில் உள்ள ஆறு மாதப் பணத்தை அப்படியே விட்டுவிடுங்கள். ஒரு சம்பளத்தில் ஓட்டப்போகும் காலத்தில் உங்களுக்கு அதுதான் துணை. குடிமாறும் செலவு, வாடகை முன்பணம், சேர்க்கைப் பணம் மூன்றையும் கூட்டி ஒன்பதால் வகுங்கள். அந்தத் தொகையை இந்த மாதத்திலிருந்தே தனிக் கணக்கில் போட்டு வாருங்கள். ஒன்பது மாதத்தில் தேவைப்படும் பணத்துக்குச் சாதாரண சேமிப்புக் கணக்கோ குறுகியகால வைப்போ போதும், பங்குச்சந்தைப் பக்கம் போக வேண்டாம். கணவரின் நிறுவனம் இடமாற்றப் படி தருகிறதா, அதற்கு வரி பிடிப்பார்களா, ஒரு வருடத்துக்குள் வேலையை விட்டால் திருப்பிக் கேட்பார்களா என்பதையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

அப்புறம், சின்ன விஷயம். நாங்கள் குடிமாறியபோது மகனின் பிறப்புச் சான்றிதழும் தடுப்பூசி அட்டையும் 'சமையலறை' என்று எழுதிய பெட்டிக்குள் போய்விட்டன. லாரி நாலு நாள் தாமதம். பள்ளி கொடுத்த கெடு மூன்று நாள். மன்றாடி அவகாசம் வாங்கினோம். உங்கள் மகளின் காகிதங்கள் உங்கள் கைப்பையில் வரட்டும், நகல்கள் கணவரின் பையில்.