லைன் கிளியர்

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். மாதம் ஒருமுறை நண்பர்கள் கூடி வரலாறு பேசுவோம். இந்த மாதம் முதல் உலகப்போர். இயந்திரத் துப்பாக்கி, டாங்கி, நச்சுவாயு, நீர்மூழ்கி என்று ஒவ்வொருவரும் ஓர் ஆயுதத்துக்காக வாதாடினார்கள். அமெரிக்கா உள்ளே வந்ததுதான் எல்லாவற்றையும் தீர்மானித்தது என்றேன் நான். கூட்டணி நாடுகளைச் சொல்லும்போது பல்கேரியா, ருமேனியா போன்ற சில்லறை நாடுகளை விட்டுவிட்டேன், நேரம் போதவில்லை. ஆயுதமா கூட்டணியா, எது பெரிது? எம்டன் கப்பல் பற்றியும் எழுத வேண்டும். இன்னொன்று. ஆயுதங்களைப் பற்றிப் படிக்கும்போது ஓர் ஈர்ப்பு வருகிறது. அது தவறோ என்று உறுத்துகிறது.

கே.

அன்புள்ள கே.,

பகல் முழுக்கப் பேரேட்டைப் பார்த்துவிட்டு இரவில் 1914ஐப் படிக்கிறீர்கள். அந்த உழைப்பின் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆகவே உறுத்தலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஈர்ப்பு தவறில்லை. மனிதன் செய்த எந்தப் பொருளும் எப்படி இயங்குகிறது என்று பார்க்க ஆசை வருவது இயல்பு. ஆயுதத்தைப் பார்த்தபின் அது யார்மேல் விழுந்தது என்று பார்க்காமல் புத்தகத்தை மூடுவதுதான் தவறு. நீங்கள் அப்படி மூடுகிறவர் அல்ல. மூடுகிறவருக்கு உறுத்தாது.

ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் இன்னொரு நாளைக்கு. 1914 செப்டம்பர் 22 இரவு அது சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது நம் ஊருக்குப் பெரிய சம்பவம். போரின் போக்கில் அதன் இடம் சிறியது.

டாங்கியையும் சீக்கிரம் கடந்துவிடலாம். 1916 செப்டம்பர் 15 அன்று பிரான்சின் சோம் போர்க்களத்தில் பிரிட்டிஷார் முதன்முதலாக 49 டாங்கிகளை அனுப்பினார்கள். பல வண்டிகள் புறப்பட வேண்டிய இடத்துக்கே வந்து சேரவில்லை. 1918 ஆகஸ்ட் 8 அன்று அமியானில் நானூறுக்கு மேல் இறக்கினார்கள். சில நாட்களில் ஓடும் நிலையில் மிஞ்சியவை சொற்பம். பயனில்லாத ஆயுதம் என்று சொல்லவில்லை. உங்கள் நண்பர்கள் நினைப்பதுபோல ஒரு யந்திரம் வந்து போரை முடித்துவைக்கவில்லை, அவ்வளவுதான்.

என்னைக் கோபப்படுத்தியது வேறொன்று. ‘சில்லறை நாடுகள்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அது. கொஞ்ச நாட்களாகவே மேஜையில் பால்கன் ரயில்பாதைகளின் பழைய வரைபடம் ஒன்றை விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அப்போது பார்த்து உங்கள் கடிதம் வந்தது.

தொழிற்சாலைக் காலத்துப் பீரங்கிக்கு நாள்தோறும் தீனி போட வேண்டும். சோம் தாக்குதலுக்கு முந்தைய ஒரே வாரத்தில் பிரிட்டிஷ் பீரங்கிகள் 15 லட்சம் குண்டுகளைச் சுட்டன. அதற்கு முந்தைய ஆண்டே லண்டனில் குண்டுப் பஞ்சம் அரசியல் நெருக்கடியாகி, வெடிபொருள் உற்பத்திக்கென்று தனி அமைச்சகமே அமைத்தார்கள். இப்படிப்பட்ட போரில் புதிதாகச் சேரும் நாட்டிடம் எத்தனை சிப்பாய்கள் என்று எண்ணுவது பழைய காலத்துக் கணக்கு. அந்த நாடு சேர்ந்ததால் யாருடைய குண்டுக்கு வழி திறந்தது, யாருடையதற்கு அடைபட்டது என்று பார்க்க வேண்டும்.

இதை எனக்குக் கற்றுத்தந்தது புத்தகம் அல்ல. அப்பா சிறிய ஸ்டேஷன் ஒன்றில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தார். 1971 டிசம்பரில் போர் நடந்தபோது நான் சிறுவன். ரேடியோவில் விமானங்களைப் பற்றிச் சொன்னதையெல்லாம் நோட்டில் எழுதிவைத்துக்கொண்டு, இத்தனை நாட், இத்தனை மிக் என்று அவரிடம் ஒப்பிப்பேன். மிலிட்டரி ஸ்பெஷல் வருகிறதென்றால் சரக்கு வண்டியை லூப் லைனில் ஒதுக்கி நிறுத்திவிடுவார்கள். மணிக்கணக்கில் நிற்கும். ஒரு ராத்திரி சாப்பாடு கொண்டுபோனபோது அப்பா சொன்னார்: “பிளேனை எண்ணாதடா. எந்த வண்டிக்கு லைன் கிளியர் குடுக்கச் சொல்றாங்கன்னு பாரு. அங்கதான் சண்டை.” அடுத்த ஸ்டேஷன் வரை வண்டி போகலாம் என்ற அனுமதிதான் லைன் கிளியர். அவருக்கு ராணுவம் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொல்லவில்லை.

இந்தக் கண்ணோடு துருக்கியைப் பாருங்கள். துருக்கி மக்களிடம் நன்கொடையும் வசூலித்து பிரிட்டனில் இரண்டு போர்க்கப்பல்கள் கட்டக் கொடுத்திருந்தது. 1914 ஆகஸ்ட் தொடக்கத்தில் பிரிட்டன் அவற்றைத் தனக்கே எடுத்துக்கொண்டது. ஆகஸ்ட் 10 அன்று கெபன், பிரெஸ்லாவ் என்ற ஜெர்மன் கப்பல்கள், மத்தியதரைக் கடலிலிருந்து கருங்கடலுக்குப் போகும் வழியான டார்டனெல்ஸ் நீரிணைக்குள் நுழைந்தன. அவற்றை விலைக்கு வாங்கிவிட்டதாகத் துருக்கி அறிவித்தது. அக்டோபர் இறுதியில் அதே கப்பல்கள் கருங்கடலில் ரஷ்யத் துறைமுகங்களைச் சுட்டன. துருக்கி ஏற்கெனவே ஜெர்மனியோடு ரகசிய ஒப்பந்தம் போட்டிருந்தது, கப்பல் பறிபோனது மட்டுமே காரணமல்ல. ஆனால் விளைவைப் பாருங்கள். நீரிணை அடைபட்டது. ரஷ்யாவின் தானியம் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் வெளியே போனது. குண்டும் துப்பாக்கியும் உள்ளே வர வேண்டியதும் அந்த வழியாகத்தான். மிஞ்சியவை குளிர்காலத்தில் உறைந்துபோகும் ஆர்க்கேஞ்சல் துறைமுகமும், போர்முனையிலிருந்து ஒரு கண்டம் தள்ளியிருந்த விளாதிவஸ்தோக்கும். சரக்கு துறைமுகத்தில் மலையாகக் குவிந்துகிடந்தது. 1915இல் ரஷ்யச் சிப்பாய்களில் பலர் கையில் துப்பாக்கி இல்லாமல், செத்தவனுடையதை எடுத்துக்கொள்ளக் காத்திருந்தார்கள்.

இனி நீங்கள் நேரமில்லை என்று தள்ளிய பல்கேரியா. துருக்கி ஜெர்மனியின் பக்கம் வந்துவிட்டது, ஆனால் ஜெர்மன் குண்டு துருக்கிக்குப் போய்ச்சேர வழியில்லை. நடுவே செர்பியா, எதிரி. ருமேனியா அப்போது நடுநிலை, வெடிபொருள் தன் மண்ணைக் கடக்க அனுமதி மறுத்தது. அந்த நிலையில்தான் 1915 ஏப்ரலில் நேசநாடுகள், அதாவது பிரிட்டன், பிரான்ஸ் தரப்பு, டார்டனெல்ஸ் கரையிலுள்ள கலிப்போலியில் இறங்கின. துருக்கியர்கள் இருந்ததை வைத்துச் சமாளித்துக்கொண்டிருந்தார்கள்.

பல்கேரியாவை இரு தரப்புமே அழைத்தன. 1913இல் இரண்டாம் பால்கன் போரில் தோற்று, தான் கேட்ட மாசிடோனியப் பகுதியைச் செர்பியாவிடம் விட்டுக்கொடுத்த நாடு அது. அதைத் திரும்பத் தருகிறோம் என்று ஜெர்மனியால் கூசாமல் சொல்ல முடிந்தது. செர்பியா ஜெர்மனிக்கு எதிரிதானே! பிரிட்டனும் பிரான்சும் எங்கிருந்து எடுத்துக் கொடுக்கும்? செர்பியா அவர்களுடைய கூட்டாளி. பழைய கூட்டாளியின் நிலத்தை அறுத்துப் புதிய கூட்டாளிக்குக் கொடுக்க வேண்டிய இக்கட்டில் மாதக்கணக்கில் தடுமாறினார்கள். 1915 செப்டம்பர் 6 அன்று பல்கேரியா ஜெர்மனியோடு கையெழுத்திட்டது. அக்டோபரில் வடக்கிலிருந்து ஜெர்மன், ஆஸ்திரியப் படைகளும் கிழக்கிலிருந்து பல்கேரியப் படையும் செர்பியாவுக்குள் புகுந்தன.

செர்பியர்கள் சரணடையவில்லை. அந்தக் குளிர்காலத்தில் அல்பேனிய மலைகளைக் கடந்து கடலை நோக்கி நடந்தார்கள். சிப்பாய், கிழவர், பள்ளிப் பையன்கள், ஆஸ்திரியக் கைதிகள் எல்லோரும். தளபதி புட்னிக் நோயாளி. சிப்பாய்கள் அவரை மூடிய நாற்காலியில் வைத்துப் பனிக்குள் தூக்கிப்போனார்கள். வழியில் செத்தவர்களுக்குக் கல்லறை இல்லை. இதைப் படித்தபின் சில்லறை என்று எழுதக் கை வருமா உங்களுக்கு?

பாதை திறந்தது. ஆஸ்திரியக் கனரகப் பீரங்கிகள் கலிப்போலிக்கு வந்தன. டிசம்பரிலும் ஜனவரியிலும் நேசநாடுகள் அங்கிருந்து படையை விலக்கிக்கொண்டன. நோயும் குளிரும் துருக்கியரின் உறுதியும் அதற்குக் காரணங்கள்தான். ஆனால் இனி எதிர்ப்பக்கம் குண்டு வந்துகொண்டே இருக்கும் என்ற கணக்கு இல்லாமல் அந்த முடிவைப் புரிந்துகொள்ள முடியாது. 1916 ஜனவரியில் பெர்லினிலிருந்து கான்ஸ்டான்டினோப்பிளுக்கு நேரடி ரயிலே ஓடத் தொடங்கிவிட்டது.

மூன்று ஆண்டுகள் கழித்து அதே பாதை எதிர்ப்பக்கம் வேலை செய்தது. நேசப்படைகள் கிரேக்கத் துறைமுகமான சலோனிகாவில் மலேரியாவோடு குடியிருந்தன. வீண்முனை என்று எல்லோரும் ஏளனம் செய்த இடம். 1918 செப்டம்பர் 15 அன்று டோப்ரோ போலே மலையில் பிரெஞ்சு, செர்பியப் படைகள் பல்கேரிய அரணை உடைத்தன. அல்பேனியா வழியாக நடந்துபோன அதே செர்பியப் படைதான் திரும்பி வந்திருந்தது. பல்கேரியச் சிப்பாய் பசியிலும் கிழிந்த செருப்பிலும் இருந்தான். செப்டம்பர் 29 அன்று பல்கேரியா சண்டைநிறுத்தத்தில் கையெழுத்திட்டது. ஜெர்மனியிலிருந்து துருக்கி துண்டிக்கப்பட்டது, அடுத்த மாதம் 30 அன்று அதுவும் அடங்கியது. உடனே சண்டைநிறுத்தம் கேட்க வேண்டும் என்று ஜெர்மன் தளபதி லூடன்டார்ஃப் சொன்னது எப்போது? அதே செப்டம்பர் 28, 29இல். மேற்கு முனையும் அதே நாட்களில் நொறுங்கிக்கொண்டிருந்தது, மறுக்கவில்லை. ஆனால் தெற்கே அடைக்க ஆளில்லாத ஒரு வாசல் திறந்துகொண்டதுதான் அவரைக் கடைசியில் தள்ளியது என்பது என் தீர்மானம்.

உங்கள் அமெரிக்கா? வந்தது, பெரிய வரவுதான். 1917 ஏப்ரல் 6 அன்று போரை அறிவித்தது. போர் முடியும்போது அதன் சிப்பாய்கள் 20 லட்சம் பேர் பிரான்சில் இருந்தார்கள். ஆனால் அவர்கள் சுட்ட பீரங்கிகள் பெரும்பாலும் பிரெஞ்சுக்காரர்கள் செய்து கொடுத்தவை. ஏற்றிவந்த கப்பல்களில் ஏறத்தாழப் பாதி பிரிட்டனுடையவை. ஆயுதமா கூட்டணியா என்று ஒரு கோடு கிழித்து இரண்டாகப் பிரித்திருக்கிறீர்களே, அந்தக் கோட்டை எங்கே கிழிப்பீர்கள்?

ருமேனியாவை நான் எழுதப்போவதில்லை. அது உங்கள் வேலை. 1916 ஆகஸ்ட் இறுதியில் பெரிய நம்பிக்கையோடு நேசநாடுகளுடன் சேர்ந்தது. டிசம்பர் 6 அன்று தலைநகர் புக்காரெஸ்ட் ஜெர்மானியர் கையில். எண்ணெய்க் கிணறுகளைக் கொளுத்த பிரிட்டன் ஆள் அனுப்பியது. அந்த நாட்டின் எண்ணெயும் கோதுமையும் பிறகு யாருக்குப் போயின, ரஷ்யா காக்க வேண்டிய முனை எவ்வளவு நீண்டுபோனது என்று தேடிப் படியுங்கள். அடுத்த கூட்டத்தில் அதைப் பேசிவிட்டு எனக்கு எழுதுங்கள். துப்பாக்கிகளின் பெயர்ப்பட்டியலை மட்டும் அனுப்பினால் பதில் எழுத மாட்டேன்.

அன்புடன்.