நள்ளிரவு ஹாட்பாட்டும் விடியற்காலை நெஞ்செரிச்சலும்

கேள்வி: எனக்கு வயது 38. சிங்கப்பூரில் வேலை, இரவு 10 மணிக்குத்தான் முடியும். வெள்ளிக்கிழமைதோறும் சீன நண்பர்களுடன் ஹாட்பாட் சாப்பிடப் போகிறேன்; மேசையில் கொதிக்கும் சூப்பில் இறைச்சி, கீரையை நாமே வேகவைத்துச் சாப்பிடுவது. மாலா என்ற சீனக் காரக் குழம்பு, கூடவே பீர். வீடு வந்து படுக்க ஒரு மணியாகிவிடும். மூன்று மணிக்கு நெஞ்சு எரிந்து, தொண்டைவரை புளித்த நீர் வருகிறது. ஊர்க் காரத்தில் வளர்ந்த எனக்கு இது ஏன் ஒத்துக்கொள்ளவில்லை?

பதில்: பழியை மிளகாய் மேல் மட்டும் போடாதீர்கள். மாலா குழம்பில் மிளகாயோடு நாக்கை மரத்துப்போகச் செய்யும் சிச்சுவான் மிளகும் இருக்கிறது. அதைவிட முக்கியம், அதில் மிதக்கும் எண்ணெய். பெரும்பாலும் மாட்டுக்கொழுப்பில்தான் அந்த மசாலாவை வதக்குகிறார்கள். கொழுப்பு இரைப்பையை விட்டு மெதுவாகவே இறங்கும். உணவுக்குழாயின் அடியில் அமிலம் மேலே ஏறாமல் காக்கும் சுருக்குத்தசையையும் அது தளர்த்தும். பீரும் அதையே செய்யும். வயிறு நிறைந்திருக்கும்போது நீங்கள் படுத்துவிடுகிறீர்கள். அமிலம் மேலேறாமல் என்ன செய்யும்? காகிதம் போன்ற மெல்லிய இறைச்சித் துண்டுகள் என்பதால், பேச்சு சுவாரசியத்தில் எவ்வளவு உள்ளே போனது என்ற கணக்கும் இருப்பதில்லை.

நண்பர்களை விட்டுவிடச் சொல்ல எனக்கு மனமில்லை. வேலை நாள் முழுவதும் காத்திருந்து கிடைக்கும் இரண்டு மணி நேரம் அது. நடுவில் தடுப்பு வைத்த இரட்டைப் பாத்திரம் கேளுங்கள். கீரை, காளான், தோஃபு எல்லாவற்றையும் தெளிந்த சூப்பின் பக்கம் போடுங்கள். கீரை இலைகள் மிதக்கும் எண்ணெயை அப்படியே வாரிக்கொண்டு வரும் என்பதால் இதை வலியுறுத்துகிறேன். சூப் குடிக்க ஆசையிருந்தால் தொடக்கத்திலேயே, ஆறவைத்துக் குடியுங்கள். கடைசியில் அது உப்பும் கொழுப்புமாகத் திரண்டிருக்கும். பச்சை இறைச்சியைத் தொட்ட இடுக்கியால் வெந்ததை எடுக்காதீர்கள்.

முடிந்தால் 10 மணிக்கு முன்பே சிறிது சாப்பிட்டுவிட்டு, கடையில் பாதி வயிற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சாப்பிட்டு முடித்ததற்கும் படுப்பதற்கும் இடையே மூன்று மணி நேரம் வேண்டும். அதற்கு வழியில்லாத இரவில் கட்டிலின் தலைப்பக்கக் கால்களை 15 சென்டிமீட்டர் உயர்த்தி, இடப்பக்கமாகச் சாய்ந்து படுங்கள். தலையணைகளை அடுக்கினால் வயிறுதான் மடங்கும்.

எரிச்சல் வாரம் இரண்டு முறைக்கு மேல் வந்தாலோ, விழுங்கச் சிரமம், கறுத்த மலம், காரணமில்லாத எடைக்குறைவு இருந்தாலோ மருத்துவரைப் பாருங்கள், எண்டோஸ்கோப்பி (குழாய்க் கேமரா விட்டு உள்ளே பார்க்கும் சோதனை) தேவைப்படலாம்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. நம்மவர்களுக்கு மாரடைப்பு இளவயதிலேயே வருகிறது. "வாயுதான்" என்று சோடா குடித்துவிட்டுக் காத்திருந்து காலம் கடந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நெஞ்சில் இறுக்கம், வியர்வை, மூச்சுத்திணறல், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி: இவற்றில் எது இருந்தாலும் உடனே சிங்கப்பூரின் அவசர ஆம்புலன்ஸ் எண்ணான 995-ஐ அழையுங்கள், மணி மூன்றானாலும்.