பிளாக்கில் 3970010 இருந்தால் அது இசட்28 இன்ஜினா?

கேள்வி: பழைய செவ்ரலே வி8 இன்ஜின் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. பிளாக்கின் (சிலிண்டர்கள் இருக்கும் இரும்பு உடல்) பின்பக்கம் 3970010 என்றும், 'சி 12 9' என்றும் இருக்கிறது. 1969 கமாரோ இசட்28 காரில் வந்த 302 கன அங்குல இன்ஜின் இது என்கிறார் விற்பவர். எண்களை வைத்தே உறுதி செய்துகொள்ள முடியுமா?

பதில்: இந்த இரண்டை மட்டும் வைத்து முடியாது. மூன்றாவதாக ஓர் எண் இருக்கிறது. அதைப் பார்க்காமல் விலை பேச உட்கார வேண்டாம்.

3970010 என்பது வார்ப்பு எண். இரும்பை ஊற்றும் அச்சிலேயே இருப்பதால் எழுத்து புடைத்து நிற்கும். எந்த அச்சில் வார்த்த பிளாக் என்பதைத்தான் அது சொல்லும். உள்ளே எந்த கிராங்க்ஷாஃப்ட் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு), எந்த பிஸ்டன் போனது என்பது அதற்குத் தெரியாது. இதே எண் கொண்ட பிளாக்குகள் 1969-இல் 302, 327, 350 என மூன்று அளவு இன்ஜின்களுக்கும் போயின. அதற்கப்புறம் எழுபதுகள் முழுக்க 350-க்குப் போயின. '010' பிளாக்குக்குப் பஞ்சமே கிடையாது. 1969 இசட்28 கார்களோ மொத்தமே 20,302தான்.

அடுத்தது தேதி. 'சி' மூன்றாவது எழுத்து, அதனால் மார்ச். 12 நாள். 9 ஆண்டின் கடைசி இலக்கம். சிக்கலே இந்த ஒன்பதில்தான் இருக்கிறது: 1969-க்கும் 9, 1979-க்கும் 9. பத்தாண்டு எது என்று வார்ப்புத் தேதி சொல்லவே சொல்லாது. விற்பவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. அவருக்குச் சொன்னவர் பாதியைத்தான் படித்திருக்கலாம்.

நீங்கள் பார்க்க வேண்டியது பஞ்ச் அடித்த எண். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து முன்னே பார்க்கும் கணக்கில், பிளாக்கின் வலது முன்மூலையில், சிலிண்டர் ஹெட்டுக்குச் சற்று முன்னால் கடைந்து மட்டமாக்கிய சின்னத் திட்டு இருக்கும். காரிலேயே இருக்கும் இன்ஜினில் ஆல்டர்னேட்டர் அதை மறைத்துக்கொண்டிருக்கும், கழற்றச் சொல்லுங்கள். அங்கே வி0327டிஇசட் என்பது போல ஒன்று வர வேண்டும். 'வி' என்றால் ஃப்ளின்ட் தொழிற்சாலை, 0327 என்றால் இன்ஜின் பூட்டிய நாள் மார்ச் 27, கடைசியில் இருக்கும் 'டிஇசட்'தான் 1969 இசட்28-க்கு உரிய குறியீடு. இங்கே ஆண்டே கிடையாது. ஆனால் 1970 மாடலிலிருந்து செவ்ரலே கடைசிக் குறியீட்டை மூன்று எழுத்தாக்கிவிட்டது. ஆக மூன்று எழுத்து இருந்தால் உங்கள் ஒன்பது 1979-இன் ஒன்பது. பேச்சு அங்கேயே முடிந்தது.

நாட்களின் வரிசையையும் பாருங்கள். மார்ச் 12-இல் வார்த்த பிளாக்கை மார்ச் 5-இல் பூட்டியிருக்க முடியாது. வார்ப்பு முதலில், பூட்டியது அப்புறம், கார் வெளிவந்தது அதற்கும் அப்புறம். வரிசை மாறினால் ஏதோ ஒன்று பிற்பாடு அடித்தது.

போலி அடிப்பவர்களும் உண்டு, அதனால் எழுத்தைவிட அந்தத் திட்டின் மேற்பரப்பை நான் கூர்ந்து பார்ப்பேன். தொழிற்சாலையில் இழைத்த திட்டில் மெல்லிய கோடுகள் முன்னிருந்து பின்னாக, கிராங்க்ஷாஃப்ட் போகும் திசையிலேயே ஓடும். வட்டவட்டமான கீறல்களோ, கண்ணாடி போன்ற வழவழப்போ தெரிந்தால் ஓவர்ஹாலில் பிளாக்கின் மேல்மட்டத்தைக் கடைந்திருக்கிறார்கள். அதில் பழைய எண் போயிருக்கும். எண் 'பளிச்' என்று இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். டார்ச்சைச் சாய்வாகப் பிடியுங்கள், கோடுகள் நிழலோடு தெரியும்.

சுத்தம் செய்யும்போது கவனம். புடைத்த வார்ப்பு எண்ணைக் கம்பி பிரஷால் தேய்க்கலாம், மேலே சாக்பீஸ் பூசினால் எழுத்து தனியாகத் தெரியும். பஞ்ச் எண் இருக்கும் திட்டில் கம்பி பிரஷோ உப்புத்தாளோ படவே கூடாது. மண்ணெண்ணெய் நனைத்த துணி, பெயின்ட் இருந்தால் அதைக் கரைக்கும் திரவம், அவ்வளவுதான். அந்தக் கோடுகள் போனால் உண்மையான இன்ஜினும் சாட்சியில்லாமல் நிற்கும்.

அளந்து பார்த்தால் தெரியாதா என்று கேட்பீர்கள். பாதி தெரியும். மூன்று இன்ஜினுக்கும் சிலிண்டரின் உள்விட்டம் (போர்) ஒன்றே, 101.6 மி.மீ. வித்தியாசம் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரத்தில், அதாவது ஸ்ட்ரோக்கில்தான்: 302-க்கு 76.2, 327-க்கு 82.55, 350-க்கு 88.4 மி.மீ. ஸ்பார்க் பிளக் துளை வழியே கம்பி விட்டு அளக்கும் வித்தை இதில் சரிப்படாது, துளை சாய்வாக இருக்கிறது. ஹெட்டைக் கழற்றி, பிஸ்டன் மேலே ஏறி நிற்பதற்கும் அடியில் இறங்கி நிற்பதற்கும் உள்ள தூரத்தை அளக்க வேண்டும். அப்போதும் இப்போது அது என்ன இன்ஜின் என்பதுதான் தெரியும். 302-இன் கிராங்க் 1979 பிளாக்கிலும் உட்காரும். ஆயில் சம்ப்பைக் கழற்ற விட்டால் கிராங்க்ஷாஃப்ட்டைப் பிடித்திருக்கும் மெயின் பேரிங் கேப்புகளில் நடு மூன்றைப் பாருங்கள்: 1969 இசட்28-இல் ஒவ்வொன்றுக்கும் நான்கு போல்ட். இரண்டே இருந்தால் அது இல்லை. நான்கு இருப்பதாலேயே அதுதான் என்றும் ஆகாது, 350-இலும் நான்கு போல்ட் வந்தது.

இதே பாடத்தை வேறு கம்பெனிக்கு அப்படியே தூக்கிக்கொண்டு போகாதீர்கள். ஃபோர்டின் தேதியில் ஆண்டு முன்னால் வரும், மாத எழுத்துகளில் 'ஐ' கிடையாது. அங்கே செப்டம்பர் 'ஜே', செவ்ரலேயில் செப்டம்பர் 'ஐ'. சி5ஏஇ-6015-இ போன்ற ஃபோர்டு எண்ணில் 'சி5' என்பது 1965. அது வடிவமைத்த ஆண்டு, வார்த்த ஆண்டு அல்ல. ஜாகுவார் எக்ஸ்கே இன்ஜினில் பிளாக்கில் உள்ள எண்ணே ஹெட்டிலும் இருக்கும், கடைசியில் வரும் 7, 8, 9 கம்ப்ரஷன் விகிதம்.

உங்கள் விஷயத்துக்கு, ஆல்டர்னேட்டரைக் கழற்றி அந்தத் திட்டைச் சாய்வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்கினால் சாதாரண 350-க்கு என்ன தருவீர்களோ அதையே சொல்லுங்கள்.